பேய் என்று நான் சொல்லவில்லை

1938 ஆகஸ்டு 23, செவ்வாய்.
காலையில் தூறல். கொள்ளு காயவில்லை.

பக்கத்து வீட்டு மருமகள் சாலம்மாவுக்குப் பேய் என்று நானே சொன்னதாக இண்டூர் முழுக்கப் பேச்சு. பொய். "ராவுல கத்துறா, ஒடம்பு வெடவெடன்னு நடுங்குது" என்றாள் மாமியார் மாதம்மா. "கவனிக்க வேண்டியதுதான்" என்றேன். அவ்வளவே. கான்வென்ட்டில் படித்தவள் பேய் என்பேனா?

மாலை மறுபடி வந்தாள். வருகிற ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிறு தீர்த்தமலைப் பக்கம் ஒரு பேயோட்டியிடம் கூட்டிப் போகிறார்களாம். சாட்டையடி.

"ஆடியில அவ ஆத்தா வூட்டுல இருந்தப்ப ஒண்ணுமில்லீங்க. இங்க வந்தா வந்துடுது. நம்ம புளியமரந்தானுங்க."

"தினமுமா?"

"எம் பையன் காரிமங்கலம் சந்தைக்கு மாடு ஓட்டிப் போற அன்னிக்கு மட்டும் வரதில்லீங்க. பேயும் கூடவே சந்தைக்குப் போவுது போல!"

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. ஏதோ உறுத்தியது.

ஆகஸ்டு 24, புதன்.
வெயில். சாலம்மாவை மோர் வாங்க வரச் சொன்னேன். இருபத்து நான்கு வயது, ஒரு பிள்ளைக்காரி. ராத்திரியில் புருஷனால் வலியா என்றேன்.

"வலி இல்லீங்க ஆயா. சொல்ல வெக்கமா இருக்குது. அவரு அவசரப்பட மாட்டாரு. எங்க, எப்டின்னு நான் சொன்னாக் கேட்டுக்குவாரு. மொள்ள மொள்ள ஏறி, ஒடம்பே அதிர்ந்து வுட்டுப்போவுது. அப்புறம் சந்தோசத்துல அழுவ வருது. பேய்னா பேயாவே இருக்கட்டுங்க, ஓட்ட வேணாம்னு சொல்லுங்க."

கையிலிருந்த டம்ளர் விழுந்தது. புடவையெல்லாம் மோர்.

ஆணுக்கு உண்டு, தெரியும். பெண்ணுக்குமா?

முப்பது வருடத் தாம்பத்தியம், ஐந்து பிரசவம். அவர் நல்லவர். விளக்கை அணைப்பார். முடியும்வரை மறுநாள் என்ன குழம்பு என்று யோசிப்பேன். கன்னியாஸ்திரீகள் எலும்புகளின் பெயரெல்லாம் கற்பித்தார்கள். இதை யாரும் சொல்லவில்லை.



ஆகஸ்டு 25, வியாழன்.
மாதம்மாவிடம் பேயில்லை என்றேன். "பின்ன என்னாங்க?" "உனக்கு அப்படி வந்ததே இல்லையா?" என்று கேட்டுவிட்டேன்.

"எனக்கு எதுக்குங்க பேய் வருது!"

ஆக, இவளும்.

"சேலத்து டாக்டரம்மா எழுதிக் குடுத்தா பேயோட்டிகிட்ட போறத நிறுத்தறனுங்க. எம் பையன் படிச்சிச் சொல்லுவான்."

சேலம் லேடி டாக்டருக்கு, நாளைத் தபாலில். நகல்:

அம்மணி, கணவனுடன் கூடும்போது பெண்ணுடல் நடுங்கி, கூவி, பின் அமைதியடைவது நோயா, இயல்பா? இயல்பெனில் ஒரு பெண் சாட்டையடிக்குத் தப்புவாள். எல்லாப் பெண்களுக்கும் இது வரக்கூடியதுதானா என்பதையும் தெரிவிக்கவும். செப்டம்பர் 4 ஞாயிற்றுக்கு முன் எழுத்து மூலம் பதில் தரவும்.