உப்பு போட்ட எருக்குழி

10-2-54, புதன்
காலையில் பனி. சைக்கிள் சங்கிலி இரண்டு தடவை கழன்றது. திருவொற்றியூர் விவசாய ஆபீஸ் சேர ஒன்பதரை.

மேலதிகாரி (இனி மே.அ.) சொன்னது: சனிக்கிழமை உதவித் திட்டத்து வெளிநாட்டு நிபுணர் வருகிறார், என் மீன்குடல் எருக்குழியைப் பார்க்க. பிடித்துப்போனால் ஒரு வருஷம் அவர்கள் நாட்டில் விவசாயப் பயிற்சி. ஆள் நான்தான். கை கால் ஓடவில்லை.

செய்ய வேண்டியவை: வெள்ளைச் சட்டை சலவைக்கு. கத்தரிப் பாத்திக்குப் பெயர்ப் பலகை. முடிவெட்டு.

குப்பத்தில் கருவாடு போடும் பாக்கியம்மாவிடமும் சொன்னேன். ஆறு மாதமாகக் குடலும் தலையும் கூடையில் கொண்டுவந்து கொட்டுவது அவள்தான். "தொர நாத்தம் தாங்குவாரா, நைனா?" என்றாள்.

11, வியாழன்
குழியில் நாற்றம் இல்லை. ஈ இல்லை. மேலே வெள்ளையாக ஏதோ. உப்பு. இரண்டு மூட்டை!

"நாத்தம் போவட்டும்னு நாந்தான் போட்டேன். கருவாடு எத்தினி மாசம் கெடாம கீது, பாத்தியா?"

"இது கெடணும் பாக்கியம்மா. மக்குனாத்தான் எரு. உப்பு இருந்தா செடி கருகிடும்."

"கெட்டுப்போறதுக்கா சர்க்கார் ஒனக்குச் சம்பளம் குடுக்குது?"

கோபம் கோபமாக வந்தது. கூடவே சிரிப்பும் வந்து தொலைத்தது.

12, வெள்ளி
மே.அ. யோசனை: "மேல ரெண்டடிக்கு மாட்டெரு போட்டு மூடிடுப்பா. அந்தாளுக்கு என்ன தெரியப்போகுது." தலையாட்டிவிட்டேன். ஒரு வண்டி எருவுக்கும் சொல்லியாயிற்று. மனசு ஒப்பவில்லை.

13, சனி
எரு வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டேன். நிபுணர் வந்தார், ஆறடி, தொப்பி. உள்ளதை உள்ளபடி சொன்னேன். மே.அ. முகத்தில் ஈயாடவில்லை.

நிபுணர் விழுந்து விழுந்து சிரித்தார். பாக்கியம்மாவைக் கூப்பிடச் சொல்லி, கூடைக்கு எத்தனை பிடி உப்பு, எத்தனை நாள் வெயில், எல்லாம் கேட்டார். நான் மொழிபெயர்ப்பு. கடைசியில் என்னிடம் ஒரே கேள்வி: குடல் எதற்கு என்று இந்த அம்மாவிடம் ஒரு நாளாவது விளக்கினாயா?

இல்லை. வெட்கமாக இருந்தது.

15, திங்கள்
பயிற்சிக்கு இந்த வருஷம் என் பெயர் இல்லை. முதலில் குப்பத்தாருக்கு விளக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று நிபுணர் எழுதியிருக்கிறார். கடிதத்தை இரண்டு தடவை படித்தேன்.

காலையிலேயே புதுக் குழி. எரு எப்படி ஆகிறது என்று நான் விளக்குவதைக் கேட்க, பாக்கியம்மா பதினோரு பெண்களைத் திரட்டி வந்திருந்தாள். மழைக்குக் குழி ரொம்பினால் என்ன செய்வது என்று ஒருத்தி கேட்டாள். விசாரித்துச் சொல்வதாகச் சொன்னேன். பேசப் பேசக் குஷியாகத்தான் இருந்தது.

எல்லோரும் போன பிறகு பாக்கியம்மா:
"மெய்யாலுமே கப்பல் ஏறலியா நீ?"
"இல்ல."
"நல்லதாப் போச்சு" என்றவள், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நாஷ்டா துன்னியா, நைனா?" என்றாள்.