கத்தாதவர்களுக்கு முதல் வண்டி

அன்புத் தங்கைக்கு,

அக்கா எழுதுகிறேன். நலம் என்றுதான் கடிதத்தைத் தொடங்க வேண்டும், அதனால் நலம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? வாளியைத் தூக்காதே என்றால் கேட்கமாட்டாய். போனில் பேசாமல் ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனை எடுத்தாலே என் குரல் வேலைக்குரலாகிவிடுகிறது. அந்தக் குரலில் இதைச் சொல்ல முடியவில்லை.

போன மாதம் எங்கள் ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறைக்கு ஒரு டாக்டரம்மா வந்து மன அழுத்தம் பற்றி வகுப்பு எடுத்தார். அழுத்தம் எல்லாருக்கும் உண்டு, யாரை எவ்வளவு சாய்க்கும் என்பதுதான் ஆளுக்கு ஆள் மாறும் என்றார். பிறகு ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு, வேளைக்குச் சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா, கோபம் வருகிறதா என்று கேட்டார். மனம்விட்டுப் பேச ஆள் உண்டா என்றதற்குத் தங்கை இருக்கிறாள் என்றேன். பொய் இல்லை, இருக்கிறாய். பேசியதுதான் இல்லை.

பக்கத்து நாற்காலிக்காரிக்கு வாய் ஓயாது. ரேடியோ என்றுதான் கூப்பிடுவோம். அவள் உள்ளே போய் ஓவென்று அழுதாள். நீண்ட லீவு கொடுத்தார்கள். என்னைப் பார்த்து, இந்த அறையிலேயே நீங்கள்தான் அசையாத ஆள் என்று டாக்டரம்மா கை கொடுத்தார். ரேடியோவுக்கு வர வேண்டிய அழைப்புகளும் இப்போது எனக்குத்தான். குனியக் குனியக் குட்டத்தானே செய்வார்கள்.

உன் அத்தானுக்குப் பெருமை பிடிபடவில்லை. அவளுக்கென்ன, கல்லைத் தின்னாலும் செரிக்கும் என்று மாடிவீட்டுக்காரர் வரைக்கும் சொல்லிவிட்டார்.

எங்கள் வேலையில் முதல் நாளே ஒன்று சொல்லிக்கொடுப்பார்கள். ஒரே நேரத்தில் இரண்டு அழைப்பு வந்தால், கத்துகிறவர் கொஞ்சம் காத்திருக்கலாம். கத்துவதற்கு அவருக்கு மூச்சு இருக்கிறது. சத்தமில்லாமல் பேசுகிறவருக்குத்தான் முதல் வண்டி. டாக்டரம்மாவுக்கு அது தெரியவில்லை. எனக்குத் தெரியும், தெரிந்து என்ன செய்ய? என்னை நானே எடை போட்டுப் பார்த்தேன். தூக்கம் வருகிறது, கட்டை மாதிரி. சாப்பாடு இறங்குகிறது, ருசி தெரியவில்லை. கோபம் இல்லை, அழுகையும் இல்லை. முந்தாநாள் ஒருவர் மனைவிக்கு மூச்சில்லை என்றார். நான் சொல்லச் சொல்ல நெஞ்சை அழுத்தினார். வண்டி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. நான் ஹெட்போனைக்கூடக் கழற்றாமல் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தேன்.

அது என்னோடு போகட்டும். சின்னவள் விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை குளியலறையில் வழுக்கி, முட்டியைச் சிராய்த்துக்கொண்டு அழுதபடி ஓடி வந்தாள். பதறாதீங்க, எங்கேருந்து பேசுறீங்க, முகவரி சொல்லுங்க என்றேன். பெற்ற பிள்ளையிடம். அவள் அழுகையை நிறுத்திவிட்டு வீட்டு எண், தெரு, எதிரில் இருக்கும் மருந்துக்கடை எல்லாம் ஒழுங்காகச் சொன்னாள். உன் அத்தான் விழுந்து விழுந்து சிரித்தார். அன்றிலிருந்து எங்கே அடிபட்டாலும் என் முன்னால் வந்து நின்று முகவரியைச் சொல்கிறாள், அப்புறம்தான் அழுகிறாள். நேற்று கதவிடுக்கில் விரல் நசுங்கிவிட்டது. முகவரி மட்டும் சொன்னாள். அழவில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறதடி. பயம் என்று எழுதுகிறேன், அதுகூட உள்ளே எங்கும் தெரியவில்லை.

வேலையை விட்டுவிடு என்பாய். வீட்டில் உட்கார்ந்தால் சரியாகிவிடுவேன் என்று எனக்குத் தோன்றவில்லை. லீவு கேட்டேன். டாக்டரே கை கொடுத்த ஆளுக்கு லீவா என்று மேலாளர் சிரித்தார். போய் அந்தம்மா முன்னாடி ஒரு பாட்டம் அழுதுடு என்று லீவில் இருந்தபடி போனில் சொல்கிறாள் ரேடியோ. வந்தால் அழமாட்டேனா?

பள்ளி விடுமுறை விட்டதும் வந்து சின்னவளைக் கூட்டிக்கொண்டு போ. நீதான் ஆசைப்பட்டுக் கேட்டதாக அத்தானிடம் சொல். விடுமுறை முடிந்தாலும் அனுப்ப அவசரப்படாதே, உங்கள் பக்கத்திலும் பள்ளிக்கூடம் இருக்கிறது. சுவர் ஓரம் படுத்தால்தான் தூங்குவாள். பாலில் ஆடை இருந்தால் குடிக்கமாட்டாள். என்னைத் தேடமாட்டாள் என்றுதான் நினைக்கிறேன்.

நீயும் உன் வீட்டாரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். அவள் அழுதால் ஒன்றும் கேட்காதே. தூக்கிக்கொள்.

உன் அக்கா