விட்டுப்போன ஏழு வருடம்

வியாழன், இரவு.

ஜெயித்துவிட்டேன். அதனால்தான் தூக்கம் வரவில்லை.

மட்டாஞ்சேரியில் நான் நர்ஸாக இருக்கும் ஆஸ்பத்திரியின் கணக்கில் என் அனுபவம் ஒன்பது வருடம்தான். அதற்கு முன் திருநெல்வேலியில் டயாலிசிஸ் வார்டில் இருந்த ஏழு வருடத்தைச் சம்பளத்துக்குச் சேர்க்கவே இல்லை. இன்று மூன்றாவது முறையாக மேனேஜரிடம் போய்க் கேட்டேன்.

"தமிழ்நாட்டு சர்வீஸ் இவிடெ கூட்டாறில்ல, சிஸ்டரே" என்றார் மலையாளத்தில்; இங்கே சேர்ப்பதில்லையாம்.

"நரம்பு கிடைக்காத பேஷண்டுக்கு ஊசி போட என்னைத்தானே விளிக்கிறீங்க, சாரே? அந்தக் கைப்பழக்கம் அங்க வந்ததுதான். அந்த ஏழு வருஷத்தை வாசல்ல கழற்றி வெச்சிட்டா வார்டுக்குள்ள வர்றேன்?"

ஏதோ கையெழுத்துக்காக அங்கே வந்திருந்த பெரிய டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "சிஸ்டர் பறஞ்ஞது சரியாணு. ஆ ஏழு வருஷமும் கூட்டணும்" என்றார்.

மாலையில் கடிதம் வந்தது. அனுபவம்: பதினாறு வருடம். சம்பளமும் உயர்ந்திருக்கிறது. ஆனால் அந்தப் பதினாறைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

எங்கள் வார்டு நர்ஸ் செல்விக்கும் மதுரையில் வேலை பார்த்த ஐந்து வருடம் விட்டுப்போயிருக்கிறது. "எனக்கும் தருவாங்களா, அக்கா?" என்று கேட்டாள்.

"தராம எப்படி? நாளைக்குக் காலையில நானும் கூட வர்றேன்" என்றேன்.