மேளம் நின்ற வளைவு

26 ஆகஸ்ட் 1957, திங்கள்

காலையிலிருந்து தூறல். குடை மறுபடியும் வார்டிலேயே.

வெளிநோயாளர் வரிசையில் கோவிந்தன் மாமா. காஜா பேராங் தெரு உறுமிக்காரர், எங்கள் பழைய வீட்டுக்கு நாலு வீடு தள்ளி. முதலில் அடையாளம் தெரியவில்லை. பெஞ்சில் விறைப்பாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். அவர் சிரித்து நான் பார்த்ததே கிடையாது.

பக்கத்தில் மனைவி அஞ்சலை அத்தை. "ரெண்டு நாளா வாயே தொறக்க முடியல பாப்பா. கஞ்சியப் பல்லு சந்துலதான் ஊத்துறேன். பல்லு வலின்னு நெனச்சோம். மூஞ்சப் பாரேன். கட்டுன நாள்லேருந்து என்னைப் பாத்து இப்புடி சிரிச்சதே இல்ல."

சிரிப்பில்லை அது. முகத்துத் தசை இழுத்துப் பிடித்திருக்கிறது.

கழுத்து வளையவில்லை. வயிறு பலகை. மரக்கரண்டியைப் பல் இடைவெளியில் நுழைத்துத் தொண்டையின் பின்பக்கம் தொட்டேன். குமட்ட வேண்டும். கடித்தார். கரண்டி அப்படியே மாட்டிக்கொண்டது. இடது பாதத்தில் புகையிலை வைத்துக் கட்டிய புண். மெர்டேக்கா சுதந்திர தினத்துக்குத் தெருமுனையில் அலங்காரத் தோரணம் கட்டும்போது ஏறிய மூங்கில் சிராய்.

தனுர்வாதம். தனுசு என்றால் வில். கல்லூரியில் படமாகப் பார்த்தது. படத்தில் இருந்தவருக்குப் பெயர் இல்லை.

பெரிய டாக்டர் (இனி பெ.டா.) கதவருகே நின்று பார்த்தார். ஸ்காட்லாந்துக்காரர், அடுத்த மாதம் கப்பல் ஏறுகிறார். "உன் நோயாளி," என்றார். "இருட்டு, அமைதி. மிச்சம் அதிர்ஷ்டம்."

செய்தவை:
விஷமுறிவுக்குக் குதிரைச் சீரம். முதலில் ஒரு துளி தோலடியில், அட்ரினலின் ஊசி கையில் தயாராக. ஒவ்வாமை இல்லை.
பெனிசிலின்.
புண்ணைத் திறந்து சிராயை எடுத்தது. கறுத்துப்போய், நக நீளம்.
தூங்க வைக்கப் பாரால்டிஹைட். அதன் நாற்றம் இப்போதும் என் கையில்.
மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய்.

சாமான் அறையைக் காலி செய்து அவரை அங்கே படுக்க வைத்தோம். ஜன்னலுக்கு ஜப்பான்காரன் காலத்துக் கறுப்புத் துணி. விமானத்துக்குப் பயந்து மாட்டியது, எலி கடிக்காமல் அலமாரியில் இருந்தது.

27, செவ்வாய்

இழுப்பு தொடங்கிவிட்டது. எதற்கும் வருகிறது. ஒரு சின்னச் சத்தம், உடம்பு வில்லாகிறது, குதிகாலும் தலையும் மட்டும் மெத்தையில். மனம் முழுத் தெளிவு. அதுதான் இந்த நோயின் கொடுமை, எல்லாம் தெரியும்.

இழுப்பு கொண்டுவரும் சத்தங்கள்:
கதவுத் தாழ்ப்பாள் (எண்ணெய் போட்டாயிற்று)
எனாமல் தட்டு
வாசலில் திரிஷா (மூன்று சக்கர ரிக்ஷா) மணி
ஐஸ் விற்பவன் மணி
மலை மேல் கோவில் மணி
மிஸி (நர்ஸ்) தெய்வானை

கடைசியானது வேடிக்கைக்கு இல்லை. கம்போங் செட்டிக் குடியிருப்புப் பெண். பெயர் தெய்வானை, தமிழ் வராது, மலாய்தான். தாழ்வாரத்தில் யார் இருமினாலும் "டியாம்! டியாம் லா!" (சத்தம் போடாதே!) என்று அதட்டுகிறாள். இருமலுக்கு வராத இழுப்பு அந்த அதட்டலுக்கு வருகிறது. சொன்னேன். வெட்கப்பட்டு, இப்போது விரலை உதட்டில் வைத்துக்கொண்டே நடக்கிறாள்.

பட்டியலைத் திரும்பப் படித்தேன். என் சின்ன வயசு முழுக்க இதில் இருக்கிறது. ஐஸ் மணிக்கு ஓடிய கால்கள். ஒவ்வொன்றாக வெளியே துரத்திக்கொண்டிருக்கிறேன்.

உறுமி மட்டும் பட்டியலில் இல்லை.

பெண்பிள்ளைகளை மேளத்துக்குப் பக்கத்தில் விடமாட்டார்கள். நான் ஜன்னல் பலகைக்குப் பின்னால். ஆடித் திருவிழா ஊர்வலம் தெருக்கோடியில் திரும்பும்போதே தெரியும். வளைந்த குச்சி தோலைத் தேய்க்க எழும் அந்த முனகல், மாடு அழுவது போல. பலகையில் கை வைத்தால் மரம் அதிரும். கோவிந்தன் மாமாவின் முகத்தைவிட அந்த அதிர்வுதான் எனக்குப் பழக்கம்.

ஒரு வருஷம் நெருங்கி, நெருங்கி, வீட்டுக்கு முன்னால் வரப்போகும் நேரம் பட்டென்று நின்றது. எதிர்வீட்டில் அன்று சாவு. சாவு வீட்டு முன்னால் சாமி மேளம் அடிக்க மாட்டார்கள். வெறும் காலடிகள். தாண்டியதும் மறுபடி எடுத்தார்கள். அந்த இடைவெளி எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. சிங்கப்பூரில் படித்த ஆறு வருஷம் எத்தனையோ மேளம் கேட்டேன். எதுவும் அப்படி நிற்கவில்லை.

28, புதன்

வெயில். இழுப்பு குறைந்திருக்கிறது. இழுப்பை அடக்க லார்காக்டிலும் சேர்த்தோம்.

குழாயில் ஊற்றிய பால் நின்றது. சிறுநீர் சரி. மூச்சு சரி. பெ.டா. தலையசைத்தார், அவரிடம் அது பெரிய பாராட்டு.

அஞ்சலை அத்தை வாசல் மரத்தடியை விட்டு நகரவில்லை. உள்ளே விட்டால் அழுதுவிடுவாள், அழுகை ஒரு சத்தம். எனக்கும் அவளுக்கும் அது தெரியும். அவளாகவே வெளியே இருக்கிறாள்.

புதுச் செருப்பு கடிக்கிறது. வெறுங்காலோடு வார்டில் நடந்தேன். இதுவும் சத்தம் குறைப்புத்தான் என்று மிஸியிடம் சொன்னேன்.

29, வியாழன்

சாயங்காலம் காஜா பேராங். அத்தையின் தம்பி முனியாண்டியைப் பார்க்க. மாமா படுத்ததிலிருந்து மேளக் குழுவுக்கு அவன்தான் தலைவன். என் வயசு. சின்ன வயசில் என் ரிப்பனைச் சாக்கடையில் போட்டவன்.

கோவில் பக்கத்துக் கொட்டகையில் ஒத்திகை. என்னைக் கண்டதும் நிறுத்தினான்.

"மச்சான் எப்படி இருக்காரு டாக்டர்?"

"இருக்காரு. சத்தம் ஆகாது அவருக்கு."

"உறுமிக்காரனுக்கா? சத்தம் ஆகாதா?" சிரிக்கப் போனான், என் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டான்.

"சனிக்கிழமை காலையில பாடாங் மைதானத்துக்கு எந்த வழியா போறீங்க?"

"ஆஸ்பத்திரி ரோடுதான். போலீஸ்ல பர்மிட் அப்படித்தான் எடுத்திருக்கோம். இப்ப மாத்த முடியாது லா."

"அப்ப அடிக்காம போங்க."

பின்னாலிருந்து பம்பைக்காரன்: "மெர்டேக்கா அன்னைக்கு மேளத்த மாட்டிக்கிட்டு அடிக்காம போறதா? அதுக்கு நாலு வாழைத்தாரத் தூக்கிட்டுப் போலாம், வழியிலயாச்சும் திங்கலாம்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

முனியாண்டி மட்டும் யோசித்தான். "ஆஸ்பத்திரி ரோட்டு வளைவு வரைக்கும் அடிச்சிட்டு வரோம். அங்க நிறுத்திட்டு சும்மா நடந்துடுறோம். தாண்டினதும் எடுக்குறோம். மச்சானுக்காக. போதுமா?"

போதும். நன்றி சொன்னேன். திரும்பும் வழியில் பழைய வீட்டைப் பார்த்தேன். இப்போது யாரோ தையல்காரர். என் ஜன்னல் பலகைக்குப் பச்சை வர்ணம்.

31, சனி

இராத்திரி ஊர் முழுக்க வெடி. காதில் பஞ்சு வைத்து, மருந்து கொடுத்துக் கடந்தோம். காலையில் பஞ்சை எடுத்ததும் கண் திறந்தார், நாடி நன்றாக இருந்தது. பெ.டா. கொடி ஏற்றத்துக்கு அழைப்பு என்று கோட்டு போட்டுக்கொண்டு போய்விட்டார். அறையில் நானும் மிஸியும்.

பிறகு மேளம். தூரத்தில். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். இழுப்பு வரவில்லை. மெதுவாக வளர்ந்து வந்த சத்தம், திடீர்ச் சத்தம் இல்லை என்பதாலா? வலது கை விரல்கள் மட்டும் மெத்தையைத் தேய்த்தன. முதலில் பயந்தேன். பிறகு புரிந்தது. தாளம்.

நெருங்கியது. வளைவு. சொன்ன வாக்குப்படி நிறுத்தினார்கள்.

வெறும் காலடிகள். எனக்குக் கண்ணில் நீர் வந்தது, உண்மையைச் சொன்னால். எவ்வளவு அழகு என்று நினைத்தேன்.

மாமா கண்ணை அகலத் திறந்தார். என்னை, கதவை, மறுபடி என்னை. அதன் பின் இதுவரை வராத இழுப்பு. முதுகு உடையும் என்று நினைத்தேன். விடவே இல்லை. குரல்வளை மூடிக்கொண்டது. உதடு நீலம், காது நீலம்.

மிஸி ஒரு வார்த்தை பேசாமல் கத்தியை என் கையில் வைத்தாள்.

கழுத்தைத் திறந்தேன். தனியாக இதுதான் முதல் தடவை. தோல், தசை, வெள்ளை வளையங்கள். வெள்ளிக் குழாய். சீறல். நெஞ்சு எழுந்தது. வெளியே தாண்டிப் போய் மறுபடி எடுத்தார்கள். முதல் மூச்சும் முதல் அடியும் ஒரே நேரமா? இருக்காது. அப்படித்தான் நினைவிருக்கப் போகிறது.

உயிர் இருக்கிறது. இழுப்பு ஏன் வந்தது என்று தெரியவில்லை. சத்தமே இல்லையே.

எங்கோ "மெர்டேக்கா" என்று கூட்டம் கத்தியது. நான் கை கழுவிக்கொண்டிருந்தேன்.

1 செப்டம்பர், ஞாயிறு

மோசம். சத்தம் இல்லாமலே இழுக்கிறது. நாடி ஓடுகிறது. மருந்தை ஏற்றியும் தூங்கவில்லை. கண் கதவிலேயே. எதையோ எதிர்பார்ப்பது போல. இப்படியே போனால் இதயம் தாங்காது.

மரத்தடியில் அத்தை.

"நீதான் நிறுத்தச் சொன்னியாமே. முனியாண்டி சொன்னான்."

"ஆமா அத்தை. சத்தம் கேக்கக் கூடாதுன்னு."

"ஏம் பாப்பா, எழவு வீட்டு முன்னாடில்ல நிறுத்துவாங்க."

அத்தை சாமான் அறை ஜன்னலைக் காட்டினாள்.

"இத்தினி வருசமா இவரு கையக் காட்டினாத்தான் நிறுத்துவானுங்க. நேத்து இவரு கையக் காட்டல. தானா நின்னுபோச்சு. உள்ள படுத்திருக்கிற மனுசன் என்னா நெனப்பாரு? யாரு செத்தான்னு நெனப்பாரு?"

ஜன்னல் பலகைக்குப் பின்னால் நின்று அதைக் கேட்டவள் நான். அஞ்சு நாள் முன்னால் இதே நோட்டில் எழுதியவள்.

உள்ளே போய்க் காதில் சொன்னேன்: "யாரும் சாகல மாமா. நான்தான் நிறுத்தச் சொன்னேன்." கண் என் பக்கம் திரும்பவில்லை. டாக்டர்கள் எல்லாரிடமும் இதைத்தானே சொல்வார்கள்.

2, திங்கள்

பெ.டா.விடம் சொன்னேன். மேளம் மறுபடி வர வேண்டும். வளைவில் நிற்காமல் போக வேண்டும்.

"சத்தத்தால் கொல்லும் நோய்க்குச் சத்தமா மருந்து?"

சாவு வீட்டுப் பழக்கத்தை விளக்கினேன். என் விளக்கம் எனக்கே பைத்தியக்காரத்தனமாகக் கேட்டது. பைப்பை அணைத்தார்.

"எங்கள் ஊரில் யாராவது இறந்தால் வீட்டுக் கடிகாரத்தை நிறுத்துவார்கள். என் அம்மா காய்ச்சலில் கிடந்தபோது சமையலறைக் கடிகாரம் பழுதாகி நின்றுவிட்டது. அப்பா ஓடிப்போய் அதை அடித்து அடித்து ஓட வைத்தார்."

பிறகு: "உறிஞ்சு குழாயோடு நான் நிற்கிறேன். நீ நாடியைப் பிடி."

மழை. இந்தக் குடை யாருடையது?

3, செவ்வாய்

சாயங்காலம். ஒரே ஒரு உறுமி போதும் என்று முனியாண்டியிடம் சொல்லியிருந்தேன். அவன் வாதாடவில்லை. "தப்பாயிருச்சு டாக்டர்," என்றான். தப்பு என்னுடையது என்றேன்.

மருந்து முன்கூட்டியே. பெ.டா. ஒரு பக்கம், மிஸி கால்மாட்டில். அத்தையை முதல் முறையாக உள்ளே விட்டேன். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு நின்றாள்.

மாமா காதில்: "மேளம் வருது. நிக்காது."

தூரத்தில் முனியாண்டி எடுத்தான். மெதுவாக, மெதுவாக. நாடி ஏறியது. பள்ளிக்கூடம் தாண்டியது. கீழ்த்தாடை இறுகியது. பெ.டா. என்னைப் பார்த்தார். நிறுத்தச் சொல்ல இன்னும் நேரம் இருந்தது, வார்டு பையனை அனுப்ப வேண்டியதில்லை, ஜன்னலைத் திறந்து நானே கை காட்டினால் போதும். நாடியிலிருந்து கையை எடுக்கவில்லை.

வளைவு.

நிற்கவில்லை. ஜன்னலுக்குக் கீழேயே வந்தது. கறுப்புத் துணி அதிர்ந்தது. எங்களைக் கடந்தது, கடந்து போய்க்கொண்டே இருந்தது.

கண் கதவை விட்டது. அத்தையைப் பார்த்தார். விரல்கள் மெத்தையைத் தேய்த்தன, தூரத்தில் தேய்ந்துபோகும் வரை. பிறகு தூங்கினார்.

மிஸி தாழ்வாரத்துக்குப் போய் அழுதாள். விரல் உதட்டிலேயே.

24, செவ்வாய்

பெ.டா. போய்விட்டார். மேசையில் எனக்கு அவருடைய பைப் சாம்பல் கிண்ணம், காகித ஊசி போட.

கறுப்புத் துணியைக் கழற்றினோம். மாமாவுக்கு வாய் இரண்டு விரல் அளவு திறக்கிறது. கஞ்சி கரண்டியில். கழுத்துக் குழாய் நாளைக்கு எடுக்கலாம். இன்று துவாரத்தை விரலால் அடைத்துப் பேசச் சொல்லிப் பார்த்தேன். காற்று, காற்று, பிறகு குரல். முனகல் போல.

"என்னா மாமா?"

மறுபடி அடைத்தேன்.

"அந்த முனியாண்டிப் பய... வளைவுல அடிக்கிறப்ப... ஓடுறான். தாளம் போச்சு."