மைக்கில் சொன்ன ஜெபம்

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் அம்மாவும் சுகமாகத்தான் இருக்கிறோம், என் முழங்காலை மட்டும் அதில் சேர்க்காதே. நீயும் அங்கே சுகமாக இருப்பாய் என்று நம்புகிறோம்.

நம் சபையில் என்னை ஆண்கள் ஐக்கியத்துக்குச் செயலாளராகப் போட்டுவிட்டார்கள். தகுதி என்னவென்று கேட்காதே. ஆராதனை நேரத்தில் வெளியே வண்டிகளோடு நிற்கும் ஆண்களையெல்லாம் இவருக்குத்தான் தெரியும், இருபது வருஷம் கூடவே நின்றவராச்சே என்று உன் அம்மாவே எழுந்து சாட்சி சொன்னாள். எப்படியாவது அவங்களை உள்ளே கூட்டிட்டு வாங்க என்றார் போதகர். வீடு வீடாகப் போனேன். ஒருவர் என்னைப் பார்த்ததும் குளிக்கப் போய்விட்டார், அரை மணி நேரமாகியும் தண்ணீர் விழும் சத்தமே கேட்கவில்லை. வாராவாரம் நடக்கும் ஐக்கியக் கூட்டத்துக்குக் கடைசியில் வந்தது நான்கு பேர். அதில் தெருமுனை வெல்டிங் பட்டறைத் தம்பியும் ஒருவன். மூன்றாவது வாரம் நாற்காலி அடுக்கும்போது, பெண்டாட்டி கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய் ஒரு மாதமாகிறது, எனக்காக ஜெபம் பண்ணுங்கண்ணே என்று காதோடு சொன்னான். இத்தனை வருஷத்தில் அவன் வாய் திறந்ததே அன்றுதான். உன் அப்பன் சும்மா இருப்பேனா, ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் கையில் மைக் வந்ததும், பட்டறைத் தம்பியின் மனைவி திரும்பி வரவேண்டும் ஆண்டவரே என்று சபை முழுக்கக் கேட்க ஜெபித்துவிட்டேன். கண்ணைத் திறந்தால் அவன் நாற்காலி காலி.

மறுநாள் பட்டறையில் போய் நின்றேன். முகமூடியை இறக்கிக்கொண்டு ஏதோ இரும்புக் கேட்டைப் பற்றவைத்துக்கொண்டே இருந்தான். வெகுநேரம் கழித்து முகமூடியைத் தூக்கிவிட்டு, நான் கடவுள்கிட்ட சொல்லச் சொன்னேனா, மைக்குகிட்ட சொல்லச் சொன்னேனாண்ணே என்றான். தப்புதாம்ப்பா என்று சொல்லிவிட்டு வந்தேன். போதகரோ, ஆண்களுக்காகப் பந்து விளையாட்டு வைக்கலாமா என்கிறார். அதெல்லாம் வேண்டாமையா, சொன்னது வெளியே போகாதுன்னு தெரிஞ்சா அவங்களே வருவாங்க என்றேன். நான்கு வாரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன், அவன் வரவில்லை. தெருவில் பார்த்தால் தலையாட்டுகிறான், அதுவே பெரிது. அலுத்துப்போய் ராஜினாமா செய்யலாமென்றால் அதை வாங்கிக்கொள்ளவும் ஆள் இல்லை.

நீயும் நல்லா இருக்கேன்ப்பா என்று சொல்லிவிட்டு உடனே போனை அம்மாவிடம் கொடுக்கச் சொல்கிறாய். அது ஏன் என்று இப்போதுதான் எனக்கு உறைத்தது. புதன்கிழமை சாயங்காலம் அவள் பாடல் பயிற்சிக்குப் போய்விடுவாள், நான் மட்டும்தான் இருப்பேன். போனில் ஸ்பீக்கரை அணைக்கவும் கற்றுக்கொண்டுவிட்டேன். சொல்வதற்கு ஒன்றும் இல்லாவிட்டாலும் கூப்பிடு. ஆண்டவர் உன் கூடவே இருக்கட்டும், வேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
வாயை அடக்கப் பழகிக்கொண்டிருக்கும் உன் அப்பா