முந்தாத கூடைகள்

மடுல்கெல்ல
1874, பவ வருடம் கார்த்திகை 3

மாப்பிள்ளை தியாகராஜாவுக்கு,

இதெல்லாம் நடக்கும் என்று ஆடியிலேயே சொன்னேன். தோட்டத்துக்கு வந்த புதுத் தொரையின் தொப்பியைப் பார்த்ததுமே சொன்னவன் நான். நீங்கள்தான் சிரித்தீர்கள்.

காப்பிப் பழம் அதிகம் பறிக்கிறவளுக்குப் பட்டுச்சேலையாம். கூடை நிறையாதவளுக்கு அரைப் பேர்தான்; அரைநாள் கூலி, அரை அரிசி. மறுபடி குறைந்தால் குடியிருக்கும் லயத்தை விட்டே வெளியே. உங்கள் நல்லம்மாவுக்கோ எட்டாம் மாதம். குனிந்தால் நிமிர முடியவில்லை.

தாய்மாமன் நான் விடுவேனா? பெண்களைக் கூட்டி, "ஆளுக்கு ரெண்டு கை அள்ளி அவ கூடையில போடுங்கடி!" என்று கர்ஜித்தேன். எதிர்மலையில் சிறுத்தை எழுந்து ஓடியது.

சாயங்காலம் பார்த்தால் எல்லாக் கூடையும் ஒரே மட்டம். தொரை சேலையும் கையுமாக முழிக்கிறான். "ஏன் ஒருத்தி முந்தலே?" அடுத்த நிரையில் பறிக்கும் பாப்பம்மா சொன்னாள்: "முந்திட்டு, நாளைக்கு யாரோட மலை ஏறுறது, தொரை?"

நல்லம்மாவுக்கு முழுப் பேர் விழுந்தது. கவலை வேண்டாம்.

இப்படிக்கு,
அழகமுத்துக் கங்காணி


கண்டி
கார்த்திகை 9

அன்புள்ள மாமாவுக்கு நமஸ்காரம்.

சிறுத்தையை விட்டுவிட்டு மற்றதைக் கடை முதலாளி முஹைதீனுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் நம்பவில்லை. இங்கே காப்பி பொறுக்கும் பெண்கள் அவரவர் குவியலை முழங்கையால் வேலி கட்டிக் காப்பார்கள். "ஒரு கொட்டை பக்கத்துக் குவியலுக்குப் போனா கடையே ரெண்டுபடும். ஒங்கட மாமா என்னத்த ஓதி ஊதினார்?" என்கிறார்.

கடைச் சாக்கின் மேல் படுக்கிறவன் நான்; நல்லம்மாவை லயத்தை விட்டு இறக்கிவிட்டால் எங்கே கொண்டுவந்து வைப்பேன் என்று உறக்கமில்லாமல் கிடந்தேன். நீங்கள் காப்பாற்றினீர்கள். பிள்ளைக்கு உங்கள் பெயர்தான். பெண்ணானால் அழகம்மா.

உங்கள்,
தியாகராஜா


மடுல்கெல்ல
மார்கழி 2

மாப்பிள்ளைக்கு,

பெண் பிறந்திருக்கிறது. தாயும் பிள்ளையும் சுகம். மூக்கு என்னுடையது என்று லயமே சொல்கிறது. அதற்குச் சாட்சி உண்டு.

பெயர் வைக்குமுன் ஒரு சேதி. அந்தக் கர்ஜனை நான் கட்டிவிட்ட கதை. தொரை பார்த்தால் என் கங்காணி வேலை போய்விடும் என்று, "வேணாம்டி, வேணாம்டி" என்று கெஞ்சினேன். பாப்பம்மாதான் முதல் கை அள்ளி நல்லம்மா கூடையில் போட்டாள். "நீங்க அங்கிட்டுத் திரும்பி மலையப் பாருங்க கங்காணி" என்றாள். மற்றவர்கள் அவள் பின்னே வந்தார்கள்.

ஆகையால் பிள்ளைக்குப் பாப்பம்மா என்றே வையுங்கள்.

ஆனால் திரும்பி நின்றவன் நான்தான். அதில் துளியும் கலப்பில்லை.

உங்கள் மாமன்,
அழகமுத்து