அண்ணி விழுங்கிய பட்டித்தூள்

அண்ணி,

இன்றைக்கு ஆடுகோடியில் ஒரு புது ஃபிளாட்டின் கதவைத் திறந்ததும் அந்த வாடை மூக்கில் ஏறியது. சுவருக்குப் பட்டி பார்த்துத் தேய்த்த தூள், பெயின்ட், டைல்ஸ் அறுத்த புழுதி எல்லாம் கலந்த வாடை. மற்றவர்களுக்கு அது புது வீட்டு வாசனையாம். எனக்கு அது நீங்கள் வேலை முடிந்து வந்து அவிழ்த்துப் போட்ட புடவையின் வாடை.

வயதில் நீங்கள் என்னைவிடச் சின்னவர், முறையில் பெரியவர். அண்ணனைக் கட்டிக்கொண்டு ஆஸ்டின் டவுனுக்கு வந்த கொஞ்ச நாளிலேயே என்னோடு கிளீனிங் வேலைக்குக் கிளம்பிவிட்டீர்கள். கட்டி முடித்த வீட்டை, பால் காய்ச்சுவதற்கு முன்னால் கழுவித் துடைத்துக் கொடுக்கும் வேலை. நுழைந்ததும் ஜன்னல்களைத் திறப்பீர்கள். தண்ணீர் தெளித்து, தூள் அமுங்கின பிறகுதான் துடைப்பத்தைத் தொடுவீர்கள். முந்தானையை நனைத்து மூக்கில் கட்டிக்கொள்வீர்கள். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டால், தும்மல்தான் என்பீர்கள்.

அப்புறம் இந்த மரத்தரை வந்தது, சனியன். தண்ணீர் பட்டால் உப்பிவிடும் என்று சூப்பர்வைசர் வாளியையே பிடுங்கி வைத்தான். காற்றை ஊதித் தூசி தள்ளுகிற மெஷினைக் கையில் கொடுத்தான். பக்கத்து வீடுகளுக்குத் தூசி போகுமாம், அதனால் ஜன்னலையும் திறக்கக் கூடாதாம். மூடின வீட்டுக்குள் தூளைக் கிளப்பிவிட்டு அதற்குள்ளேயே நிற்க வேண்டும். இதற்குப் பெயர் சுத்தம் செய்வது, தூ! வீட்டுக்காரர்கள் வாசலில் நின்று கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடிம்மா" என்பார்கள். கொஞ்சம் பொறுத்துப் போ என்று கன்னடத்தில் ஒரு கொஞ்சல். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நீங்களோ, "விடு, பாவம், நாளைக்கு அவங்க வீட்ல விசேஷம்" என்பீர்கள்.

இருமல் பிடித்தபோது டிபி என்று அண்ணனே முடிவு கட்டிவிட்டான். உங்கள் டம்ளரைத் தனியாக எடுத்து வைத்தான். கூடப் பிறந்தவன்தான், ஆனாலும் அன்றைக்கு அவன் மூஞ்சியைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. பெரியாஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், இது ஒட்டுகிற வியாதி இல்லை, உள்ளே போன தூள் நெஞ்சில் படிந்து கெட்டியாகிவிட்டது, இனி எடுக்க முடியாது என்றார். அதைக் கேட்டும் நீங்கள் ஒருத்தரையும் திட்டவில்லை. கட்டிலில் உட்கார்ந்தபடியே மூச்சு வாங்கி வாங்கிப் போய்ச் சேர்ந்தீர்கள்.

இன்றைக்கும் அதே மெஷின், அதே மூடின ஜன்னல். கூட வந்த பெண்களில் ஒருத்தி காலையிலிருந்து இருமிக்கொண்டே இருந்தாள். வீட்டுக்காரர் அதே பாட்டைப் பாடினார். நான் மெஷினின் வயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, ஹாலின் பெரிய ஜன்னலைத் திறந்தேன். வாளியில் தண்ணீர் பிடித்து, துணியை நனைத்துப் பிழிந்து, மூக்கில் கட்டிக்கொள்ள ஆளுக்கொன்று கொடுத்தேன். அதற்குள் தூள் பறந்துபோய்ப் பக்கத்து பால்கனியில் காய்ந்த துணிமேல் இறங்கிவிட்டது. அந்த வீட்டு அம்மா வெளியே வந்து கத்தினாள். வேலை போய்விடும், மன்னிப்புக் கேள் என்று சூப்பர்வைசர் என் கையைப் பிடித்து இழுத்தான்.

நான் அந்த அம்மாவிடம் சொன்னேன்: "துணியத் தொவைச்சுக்கலாம்மா. நெஞ்ச எங்க கொண்டுபோய்த் தொவைக்கிறது?"

நாளைக்கு எனக்கு வேலை இருக்குமோ என்னவோ. மற்ற ஜன்னல்களை அந்தப் பெண்களே திறந்தார்கள். உங்களுக்குக் கோபமே வராது, அண்ணி. உங்கள் பங்கையும் சேர்த்து நான்தான் கோபப்படுகிறேன்.